எண்களாகிப் போன மனிதர்கள்

திரைப்படம் என்றதும் பாட்டும் சண்டையும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் நடிகரும் ஒப்பனையுமின்றி, உள்ளதை உள்ளவாறு காட்டும் ஆவணப் படங்களும் உண்டு. குரோவேஷியாவில் எடுக்கப்பட்ட அத்தகைய படம் ஒன்றை இங்குக் காண்போம்.

அன்று குரோவேஷியா, யூகோஸ்லாவியாவின் ஓர் உறுப்புக் குடியரசு. 1968-இல் யூகோஸ்லாவியா மேற்கு ஜெர்மனியுடன் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊரில் வேலை கிடைக்காத பலர் அங்குள்ள ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் புறப்பட்டனர். எல்லோருக்கும் வேலை என்று கூறிவந்த பொதுவுடைமை அரசுக்கு இது சங்கடமே. ஆனால் அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் நாட்டுக்கு வேண்டியிருந்ததே!

அவர்களை ஏற்றிச் செல்லத் தனி ரயில்கள் விடப்பட்டன. கிர்ஸ்தோ பாப்பிச் என்னும் இயக்குநர் 1972-இல் எடுத்த குறும்படத்தின் பெயரும் 'சிறப்பு ரயில்கள்' என்பதே. முதலில் மருத்துவச் சோதனை. உடல் உறுதி உள்ளவருக்கே பயணம். (சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நம் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை.) ஓடும் வண்டியில் இயக்குநர் அவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறார். பிரிவுத் துயர் தாளாமல், வளர்ந்த ஆண்மகன் ஒருவன் கண்ணீர் விடுகிறான். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவிலும் இக்கண்ணீருக்குக் கணக்கில்லை. மியூனிக்கில் இறங்கியதும் அவர்களுக்குப் பெயர்கூட இல்லை, எண்கள்தாம்.

1973-இல் மேற்கு ஜெர்மனி புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது. சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று சென்ற பலர் திரும்பவில்லை; மனைவி மக்களையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டனர்.