நிவாரணப் பணத்துக்கு அப்பால்

கேள்வி: சாதி வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு நிவாரணப் பணம் தருகிறது. அதற்கு மேல் அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?
– வாசகர், விழுப்புரம்

பதில்: நிறைய இருக்கிறது, எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ என்ற பிரிவை 2015-இல் கொண்டுவந்த திருத்தம் சேர்த்தது. அதன்படி முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். சாட்சிகளுக்குப் பயணச் செலவும் பாதுகாப்பும் தர வேண்டும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஜாமீன் விஷயம். குற்றம்சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்டால், பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி, அவர் தரப்பையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. நடப்பது என்ன? அடித்தவன் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான், அவன் வெளியே வந்ததே பல குடும்பங்களுக்குத் தெரிகிறது. அந்தக் கடையைத் தாண்டித்தான் வீட்டுப் பெண்கள் தண்ணீருக்குப் போக வேண்டும். 'வழக்கை வாபஸ் வாங்கு' என்ற நெருக்கடி அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த ஜாமீன் தகவலைக் கணக்குக் கேட்க வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை என்கிறது 4-ஆம் பிரிவு. அதைக் கையில் எடுக்க அரசு தயங்குவது அநியாயம்.

உங்களுக்குத் தெரிந்த குடும்பம் இப்படித் தவித்தால் ஆட்சியருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். தேசிய உதவி எண் 14566.