மாலைக்கண்ணும் மரபும்

மாலைக்கண் என்னும் ஒரு சொல்லுள் நாம் இரு வேறு நோய்களை அடக்கி வழங்குகின்றோம். விற்றமின் ஏ குறைவால் வருவது ஒன்று. கீரையும் மீனெண்ணெயும் அதனைத் தீர்க்கும். பரம்பரையலகின் பழுதால் வருவது மற்றையது; உணவால் அது தீராது. பொழுது சாய்ந்தபின் தோழனின் தோளைப் பற்றியே நடந்த மாணவன் ஒருவனைக் குறும்பனெனக் கடிந்தவன் யான். விடியுமுன் கரைவலை இழுக்கச் செல்லுங் குடியிற் பிறந்த அவனுக்கு இருள் எத்துணை இடர் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

விழித்திரையில் ஏறத்தாழ 12 கோடி கோற்கலங்களும் 60 இலட்சங் கூம்புக்கலங்களும் உள. மங்கிய ஒளியைக் காண்பன கோல்கள். நிறத்தையும் நுண்மையையும் காண்பன கூம்புகள். கோலினுள் ஒளியை ஏற்பது றொடோப்சின் என்னும் புரதம். அதன் பரம்பரையலகில் ஓரெழுத்துப் பிழைத்தலே நோய்க்குப் போதுமென 1990 இல் அமெரிக்க அறிஞர் டிரைஜா குழுவினர் காட்டினர். எழுத்தொன்று பிழைத்துப் பொருள் கெடுதலைத் தமிழ் கற்றோர்க்கு விளக்க வேண்டுவதில்லை! பிழைத்த புரதம் மடிப்புக் குலைந்து தேங்க, கலம் ஈற்றில் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும்.

வியப்பு யாதெனில், பழுதற்ற கூம்புகளும் பின்னர் மடிகின்றன. கோல்கள் சுரக்கும் புரதமொன்று கூம்புகளைப் பேணுகின்றதெனப் பிரெஞ்சு அறிஞர் 2004 இல் அறிவித்தனர். காத்தவர் மாய, காக்கப்பட்டவரும் மாய்கின்றனர். இருளிலே தொடங்கிய குறை பக்கப்பார்வையைச் சுருக்கிப் பகற்பார்வையையும் பறிப்பது இவ்வாறே.

பல குடும்பங்களில் தாயுந் தந்தையும் நோயின்றியே பழுதின் ஒரு படியை மறைவாய்த் தாங்குவர். அவர்தம் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மச்சானும் மச்சாளும் மணப்பின், இருவர்க்கும் பரம்பரையலகுகளில் எட்டிலொரு பங்கு பொதுவாதலின், ஒரே பழுது இருவரிடத்தும் அமைதல் எளிது. பேர்லினில் லீபிறைக் என்னும் மருத்துவர் 1861 இலேயே இவ்வுறவைக் கண்டார். சென்னைச் சங்கர நேத்திராலயத்தாரும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையாரும் இந்நோய்க் குடும்பங்களின் பரம்பரையலகுகளை ஆராய்ந்து வருகின்றனர். அங்கும் பெற்றோர் உறவினராயிருத்தல் பலகாலும் காணப்படுவதே. உறவுமணத்தைப் பழிக்க யான் எழுதவில்லை. அவ்வழக்கிற் பிறந்தவனே யானும். நோயுள்ள குடியினர் மணம் பேசுமுன் மருத்துவரை உசாவுதல் நன்று.

2017 இல் அமெரிக்காவிற் பரம்பரையலகுச் சிகிச்சையொன்று ஒப்புதல் பெற்றது. எனினும் ஆர்பிஇ65 என்னும் ஓரலகின் பழுதுக்கே அது பயன்படும். அதற்கும் விழித்திரையில் உயிருள்ள கலங்கள் எஞ்சியிருத்தல் வேண்டும்.