தலை வெளுக்காத வெண்தலைக் கழுகு

கேள்வி: குளிர்காலத்தில் மிசிசிப்பி ஆற்றோரம் வெண்தலைக் கழுகு பார்க்கப் போகிறோம். வெள்ளைத் தலையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்தானே?

பதில்: அதை மட்டும் நம்பினால் இளம் கழுகுகளைக் கோட்டைவிடுவீர்கள். தலையும் வாலும் முழுக்க வெளுக்க ஏறக்குறைய 5 ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை உடம்பு பெரும்பாலும் பழுப்புதான். டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து நொறுங்கிய காலத்தில் அருகிப்போனவை இந்த இளசுகளே. 1972-இல் அம்மருந்துக்கு அமெரிக்காவில் தடை வந்தபின் மீண்ட இனத்தில் அவற்றைக் கணக்கில் விட்டுவிடலாமா? நிறத்தைவிட உருவத்தைப் பாருங்கள். கழுகு காற்றில் மிதக்கும்போது இறக்கைகள் ஏறக்குறையத் தட்டையாக நீண்டிருக்கும். கனத்த தலையும் அலகும் முன்னே துருத்தும். வான்கோழிப் பிணந்தின்னியோ சிறுதலையோடு, இறக்கைகளை மேல்தூக்கித் தள்ளாடும். விராலடிப்பானுக்கு (நம்மூர் ஏரிகளுக்கும் வலசை வருவதுதான்) இறக்கை நடுவில் மடங்கித் தெரியும்.

பொன்னிறக் கழுகின் இளசுக்கும் வெள்ளை உண்டே, குழம்பாதா என்பீர்கள். அதன் வெள்ளை வாலடியிலும் பறக்கும் இறகுகளின் அடியிலும் ஒழுங்காக ஒதுங்கியிருக்கும். வெண்தலையின் இளசுக்கு அக்குளிலும் உள்ளிறக்கையிலும் சுண்ணாம்பு தெளித்தாற்போல் திட்டுத்திட்டாக. மரத்தில் உட்கார்ந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்: பொன்னிறக் கழுகுக்கு விரல்வரை கால் இறகு, வெண்தலைக்குக் கீழ்க்கால் இறகற்ற மஞ்சள். எங்கே பார்ப்பது? மிசிசிப்பியில் கியோகுக் போன்ற அணைகளுக்குக் கீழே பாயும் நீர் எளிதில் உறையாது, மீன் கிடைக்கும். காலையில் அங்கே போங்கள். காரைவிட்டு இறங்காதீர்கள், கடுங்குளிரில் கழுகை விரட்டிப் பறக்கவைப்பது அதன் தெம்பைப் பறிப்பது.