காற்று நம்முடையது, எரிபொருள் யாருடையது?

எங்கள் பள்ளி இராதாபுரம் வட்டாரத்தில் உள்ளது. சன்னலைத் திறந்தால் காற்றாலைகள் தெரியும். கூடங்குளம் அணுமின் நிலையமும் தொலைவில் இல்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு ஆற்றல் மூலங்களை 'புதுப்பிக்கத்தக்கவை, புதுப்பிக்க இயலாதவை' என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லியே பல ஆண்டுகளை ஓட்டியிருக்கிறேன். தேர்வுக்கு அது போதும்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், இவ்வளவு காத்தாடி சுத்துதே, அப்புறம் எதுக்கு வெளியிலேர்ந்து கரி வாங்குதோம்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பாடவேளையை அப்படியே அவளுடைய கேள்விக்கு விட்டுவிட்டேன்.

கரும்பலகையில் 24 கட்டங்கள் வரைந்தோம், ஒரு மணிக்கு ஒன்று. ஐந்து மாணவர்கள் காற்று, சூரியன், நீர், நிலக்கரி, அணு என்று முன்னால் நின்றார்கள். நான் மணியைச் சொல்லச் சொல்ல, மின்சாரம் தர முடிந்தவர் கை தூக்க வேண்டும். பகல் பன்னிரண்டுக்குச் சூரியன் துள்ளிக் குதித்தான். மாலை ஏழு மணி, வீடுகளில் எல்லா விளக்கும் எரியும் நேரம். சூரியன் உட்கார்ந்துவிட்டான். "சனவரி மாசம்னு வச்சுக்குவோம்" என்றேன். காற்றாக நின்ற பையன் தயங்கினான். அவன் அப்பா காற்றாலையில் வேலை பார்க்கிறவர். "ஆனி, ஆடின்னா நிக்காம சுத்தும் சார். தையில பாதி நாள் சும்மாதான் நிக்கும்" என்றான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசுவது மே முதல் செப்டம்பர் வரைதான் என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பகலில் மிச்சமாகும் மின்சாரத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி தானாக வந்தது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையைச் சொன்னேன். உபரி மின்சாரத்தால் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது திறந்துவிட்டு 400 மெகாவாட் எடுக்கிறார்கள். மேல்நிலைத் தொட்டியோடு ஒப்பிட்டதும் பின்வரிசைக்கும் புரிந்துவிட்டது.

அடுத்து, எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பத்தி சேர்த்தோம். இங்குதான் பிள்ளைகள் திகைத்தார்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்குக் கரி கப்பலில் வருவதால் அது வெளிநாட்டுக் கரி என்று நினைத்திருந்தார்கள். ஒடிசாவின் தால்சேர் சுரங்கக் கரியும் பாராதீப் துறைமுகத்திலிருந்து கப்பலேறித்தான் அங்கு வருகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம், தொலைதூரம் கொண்டுபோனால் கட்டாது. அதனால் சுரங்கத்தின் அருகிலேயே மின் நிலையம். கண்ணுக்கு எட்டும் கூடங்குளத்தின் 1000 மெகாவாட் உலைகளுக்கோ எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது. வெயில் நம்முடையதுதான்; ஆனால் சூரியத் தகடுகளின் செல்கள் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் சீனாவிலிருந்தே வந்தன.

"அப்போ எதுதான் சார் முழுசா நம்மளது?" என்றாள் அதே மாணவி. ஒன்றை மட்டும் நம்பினால் அது நிற்கும் நாளில் நாமும் நிற்போம், அதனால்தான் பலவற்றையும் வைத்துக்கொள்கிறோம் என்றேன். அவள் முகத்தில் முழுத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

இந்தச் செயல்பாட்டுக்கு இரண்டு பாடவேளைகள் தேவை. ஒன்றில் முடிக்கப் பார்த்து, அணு உலையை ஏன் நினைத்தவுடன் கூட்டிக் குறைப்பதில்லை என்பதைச் சொல்லாமலே மணி அடித்துவிட்டது. கட்டங்களை அழிக்க வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டு வந்தேன்.