தஞ்சை நால்வரும் நட்டுவ மரபும்

நால்வர் என்றதும் சைவர் சமயகுரவரை நினைவர். நாட்டியம் வல்லாரோ, இரண்டாஞ் சரபோசி மன்னர் (1798–1832) அவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னுஞ் சகோதரரையும் கருதுவர். அலாரிப்பு முதல் தில்லானா ஈறாக ஆடன்முறையை நிரல்படுத்தினார் இவரே என்ப.

அந்நிரல் ஆராயத்தக்கது. அலாரிப்பிற் சொற்கட்டொன்றே உண்டு. ஜதிஸ்வரத்தில் இசை சேரும். சப்தத்தில் பொருள் சேரும். வர்ணத்தில் மூன்றும் ஒருங்கே விரியும். எளியதினின்று அரியதற்கு ஏறும் இம்முறை, சரியை முதலிய நாற்பாதம் அறிந்தார்க்கு இனிது விளங்கும்.

நட்டுவனார் தட்டுக்கழியால் தாளமிட்டு, அடவுகளைக் கோத்து, மாணாக்கியர் மெய்யிற் படிவிப்பர். அரங்கில் தாம் ஆடார். கண்டோர் ஆடுவாளையே புகழ்வர். உயிரும் உணர்த்த உணர்வதாயினும், உணர்த்தும் முதலை நோக்காது தானே உணர்ந்ததாக மயங்கும். எனினும் இஃது ஒருபுடை யுவமையே: அந்நால்வரும் முத்துசுவாமி தீட்சிதர்பாற் கற்றுணர்ந்தோர், முதல்வனோ இயற்கை யுணர்வினன்.