சிம்பொனியும் நம் தப்பும்



2025 மார்ச் 8ஆம் திகதி இலண்டன் மாநகரில், இசைஞானி இளையராஜா எழுதிய ‘வேலியன்ட்’ என்னும் சிம்பொனியை ரோயல் பில்ஹார்மொனிக் இசைக்குழு அரங்கேற்றியது. 1946இல் நிறுவப்பட்ட புகழ்பெற்ற குழு அது. மலையடிவாரப் பண்ணைப்புரத்தில் பிறந்து, தமையன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராய் மேடையேறியவருக்கு அப்போது வயது 81. அவர் பாட்டு ஒலிக்காத லயம் நம் ஊவாவில் ஏது? ஆயினும் சிம்பொனி என்றால் என்னவென்று பிள்ளைகள் கேட்டால் விழிக்கிறோம்.

நம் கச்சேரியில் எல்லாரும் ஒரே மெட்டைப் பின்தொடர்வர். சிம்பொனியிலோ வயலின் ஒன்று சொல்ல, குழல் வேறொன்று சொல்லும். இரண்டும் பொருந்தி ஒலிக்கும். பெரும்பாலும் நான்கு பகுதிகள். யார் எப்போது வாசிப்பது, எப்போது வாளாவிருப்பது என்பதெல்லாம் எழுதியே கொடுக்கப்படும். இந்த வாளாவிருத்தல்தான் கடினம்! அந்தோன் புருக்னரின் ஏழாம் சிம்பொனி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். 1884இல் லைப்சிக் நகரில் அரங்கேறியது. வழக்கமான பதிப்பில் பெருந்தாளம் தட்டுபவருக்கு அதில் ஒரே ஒரு தட்டுத்தான். இந்தப் புருக்னர் பக்தியுள்ள கத்தோலிக்கர். லின்ஸ் பேராலயத்தில் ஓர்கன் வாசித்தவர். இளமையில் கிராமத்து உதவி ஆசிரியராய் இருந்தபோது வயலுக்கு எரு சுமக்கவும் ஏவப்பட்டவர்.

இனி நம் விடயத்துக்கு வருவோம். முன்னாளில் தோட்டங்களில் தப்படித்தே தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தார்கள். அதே தப்பு திருவிழாவன்று சில இடங்களில் ஆலய வாசலோடு நின்றுவிடுகிறது. “அது இழவு வீட்டு மேளம், சாமி” என்கிறார்கள்.

டிரொம்போன் என்னும் பித்தளைக் கருவியும் இழவுக்கு ஊதப்பட்டதே. 1812இல் லின்ஸ் நகரில், இறந்தோர் நினைவு நாளுக்கென்று பீத்தோவன் அதற்கு இசை எழுதினார். 1827இல் அவருடைய அடக்கத்திலும் அதுவே ஒலித்தது. அதே கருவியை அவர் 1808இலேயே தம் ஐந்தாம் சிம்பொனியில் வெற்றி முழக்கத்துக்கு அமர்த்தியிருந்தார். பின்வரிசையில் முழங்கும் டிம்பனியோ குதிரைப்படை முரசாய் இருந்து வந்தது.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்கச் சொன்னது. தகுதியான பிற கருவிகளையும் திருச்சபை அதிகாரத்தின் இசைவோடு வழிபாட்டில் ஏற்கலாம் என்றது. அப்படியிருக்க, நாம் தடுப்பது தப்பின் ஓசையையா, அதை அடிக்கும் கையின் சாதியையா? (இதை எழுதும்போது எனக்கே கூச்சமாய் இருக்கிறது.)

அடுத்த திருவிழாவுக்கு முன் பங்குச் சபையில் இதைப் பேசுங்கள். பேசும்போது தப்படிக்கும் அண்ணன்மாரும் அங்கே உட்கார்ந்திருக்கட்டும்.