அப்பாவின் நோட்டில் 12 சொற்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. அப்பாவின் பீரோவை ஒழித்தபோது நீல அட்டை நோட்டு ஒன்றும் பழைய லேப்டாப்பும் கிடைத்ததாக நீ போனில் சொன்னதிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எண் போட்டு எழுதிய 12 ஆங்கிலச் சொற்கள், அவற்றுக்கு மேலே ‘எலெக்ட்ரம்’ என்று ஒரு பெயர். “நெட்டில் தேடிப் பார்த்து இன்றைக்கே திறந்துவிடுகிறேன், பெரியப்பா” என்றாய். அந்த ‘இன்றைக்கே’தான் பயமுறுத்தியது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் லேப்டாப்பைத் தொடுவதற்கு முன் நீ இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் கடைசியில் ஒருவர் தனக்கு நேர்ந்ததைப் பொதுவில் எழுதி வைத்தார். எலெக்ட்ரம் என்பது பிட்காயின் வாலட் மென்பொருள்; அதில் 2017-க்குப் பிறகு திறக்காத வாலட் ஒன்றில் அவருக்கு 1,400 பிட்காயின் இருந்தது. அன்றைய விலைக்கு ஏறத்தாழ 1.6 கோடி டாலர். பழைய வெர்ஷன் எலெக்ட்ரத்தைக் கணினியில் போட்டார், வாலட் திறந்தது, காயின் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு பிட்காயினை மட்டும் வேறு இடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைத்தார். போகவில்லை. பாதுகாப்பு அப்டேட் செய்தால்தான் பணம் அனுப்ப முடியும் என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. சொன்னபடி அப்டேட் செய்தார். அடுத்த நொடி 1,400-ம் திருடனின் முகவரிக்குப் போய்விட்டது.

அந்த மனிதர் முட்டாள் இல்லை, பாப்பா. யாரோ அனுப்பிய மெயிலை நம்பி அவர் எங்கேயும் கிளிக் செய்யவில்லை. அறிவிப்பு வந்தது அவருடைய சொந்த வாலட்டுக்கு உள்ளேயிருந்து. நடந்தது இதுதான். எலெக்ட்ரம், பணப் பரிமாற்றத்தை அனுப்ப உலகெங்கும் உள்ள சர்வர்களில் ஏதோ ஒன்றோடு பேசும். அந்த சர்வரை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். 2018 டிசம்பரில் திருடர்கள் ஏராளமான சர்வர்களைத் தாங்களே நிறுவினார்கள். நம் வாலட் அவர்களுடைய சர்வரிடம் போய் நின்றால், பரிமாற்றத்தை மறுத்துவிட்டு ஒரு ‘பிழைச் செய்தி’யைத் திருப்பி அனுப்புவார்கள். அன்றைய எலெக்ட்ரம் அந்தச் செய்தியை அப்படியே, சொடுக்கக்கூடிய லிங்க்கோடு, தன்னுடைய அறிவிப்பு போலவே காட்டியது. லிங்க்கைப் பிடித்துப் போனால் இறங்குவது போலி எலெக்ட்ரம். முதல் சில நாட்களிலேயே 200 பிட்காயினுக்கு மேல் பறிபோனது. அடுத்தடுத்த வெர்ஷன்களில் இந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே பழைய கணினிகளில் கிடக்கும் பழைய எலெக்ட்ரத்தை யார் அடைப்பது?

உன் அப்பா பிட்காயின் வாங்கியது 2017 கடைசியில், ஒரு பிட்காயின் 20,000 டாலரைத் தொடப் போன மாதங்களில். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரத்தோடு வங்கிகள் தொடர்பு வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. (உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-இல் அதை ரத்து செய்தது.) அந்தக் கலக்கத்தில் எக்ஸ்சேஞ்சில் காயின் வைத்திருந்த பலர் அதை வெளியே எடுத்துச் சொந்த வாலட்டில் போட்டுக்கொண்டார்கள். உன் அப்பாவும் அப்போதுதான் மாற்றியிருக்க வேண்டும். அப்படியானால் அந்த லேப்டாப்பில் இருப்பது 2018 டிசம்பருக்கு முந்திய எலெக்ட்ரம், 1,400 பிட்காயின்காரர் திறந்த அதே வகை. அதனால் முதல் வேண்டுகோள்: அந்த லேப்டாப்பை வைஃபையில் சேர்க்காதே. ஆன் செய்து பார்க்க ஆசையாக இருந்தால் ரவுட்டரை அணைத்துவிட்டுப் பார். எலெக்ட்ரத்தை மட்டும் திறக்காதே.

பணம் லேப்டாப்புக்குள் இருக்கிறது என்று நினைப்பதால்தான் அவசரம் வருகிறது. அங்கே ஒரு பைசாகூட இல்லை. காயின் யார் பேரில் எவ்வளவு என்ற கணக்கு, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்திருக்கும் பேரேட்டில் இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து எடுக்க உரிமை தரும் சாவி எதுவோ, அதுதான் அந்த 12 சொற்கள். லேப்டாப் எரிந்து போனாலும் சொற்கள் இருந்தால் வாலட்டை மீட்கலாம். லேப்டாப் பத்திரமாக இருந்தும் சொற்கள் இன்னொருவன் கண்ணில் பட்டால் எல்லாம் அவனுடையது. பாஸ்வேர்டு மாற்றவோ, வங்கிக்குப் போன் செய்து கணக்கை முடக்கவோ இங்கே வழியில்லை. இத்தனை வருடம் அசையாமல் கிடந்தது இன்னும் இரண்டு மாதம் கிடக்கும். அதற்குக் கெடு தேதி எதுவும் கிடையாது.

மோசடிக்காரர்கள் பிழைப்பது முழுக்கவும் இல்லாத கெடுவை உண்டாக்கித்தான். 2022-இல் ‘இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசவும்’ என்று ஒரு எஸ்.எம்.எஸ் வந்தபோது, கட்டிய ரசீது சட்டைப் பையில் இருக்கும்போதே பெரியப்பாவின் கை அந்த எண்ணைப் போடப் போனது. பெரியம்மா தடுத்தாள். அந்த இரண்டு நிமிடத்தில் பயம் எப்படி மூளையை மறைக்கும் என்று அன்று தெரிந்தது. ஆசையும் அப்படித்தான் மறைக்கும்.

அடுத்த ஆபத்து நீ தேடப்போகிறேன் என்றாயே, அதில் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் பிரிவு, உக்ரைன் சைபர் போலீஸோடு சேர்ந்து விசாரித்த ஒரு கும்பலைப் பற்றி வெளியிட்டது. அந்தக் கும்பல் யாருடைய கணினிக்குள்ளும் நுழையவில்லை. பிரபல வாலட் ஒன்றின் பெயரைக் கூகுளில் தேடுகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் மேலே தெரியும்படி காசு கொடுத்து விளம்பரம் போட்டது, அவ்வளவுதான். முகவரியில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். பக்கத்தின் நிறம், சின்னம், பட்டன் எல்லாம் அசல் மாதிரியே. மூன்று வருடத்தில் இப்படிச் சுருட்டியது ஏறக்குறைய 5 கோடி டாலர். ஆப் ஸ்டோர் என்றால் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. ட்ரெசர், லெட்ஜர் இரண்டும் வாலட் கருவிகள் செய்யும் நிறுவனங்கள். 2021-இல் ஆப்பிள் ஸ்டோரிலிருந்து இறக்கிய போலி ட்ரெசர் ஆப்பில் தன் சொற்களைப் போட்ட ஒருவர் 17 பிட்காயினுக்கு மேல் இழந்தார். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் போலி லெட்ஜர் ஆப் ஒன்று உட்கார்ந்திருந்தது.

உன் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. எலெக்ட்ரத்தின் 12 சொற்களும் மற்ற வாலட்களின் 12 சொற்களும் ஒரே 2,048 சொல் பட்டியலிலிருந்து வந்தாலும், கணக்கிடும் முறை வேறு. அப்பாவின் சொற்களை வேறொரு வாலட்டில் போட்டால் ‘செல்லாது’ என்றுதான் பெரும்பாலும் வரும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும். ‘வாலட் சொற்கள் செல்லவில்லை, உதவி’ என்று எங்காவது எழுதத் தோன்றும். டெலிகிராமிலோ எக்ஸிலோ எழுதினால் போதும், சில நிமிடத்தில் ‘சப்போர்ட் டீம்’ என்ற பெயரில், நிறுவனத்தின் சின்னத்தையே புகைப்படமாக வைத்துக்கொண்டு, மிகப் பணிவாக ஒருவன் வருவான். ‘வாலட்டைச் சரிபார்க்க வேண்டும்’ என்று ஒரு படிவம் அனுப்புவான். அதில் 12 கட்டங்கள் இருக்கும். எந்த அசல் நிறுவனமும் அந்தச் சொற்களைக் கேட்பதில்லை. கேட்க அவர்களுக்கு அவசியமே இல்லை.

2017 நவம்பரில், பிட்காயினிலிருந்து பிரிந்த பிட்காயின் கோல்டு என்ற புதுக் காயினைப் பெற்றுத் தருவதாக ஒரு தளம் வந்தது. பழைய வாலட்டின் சாவியையோ சொற்களையோ போட்டால் போதும் என்றது. அந்தத் தளத்தின் பெயரைப் பிட்காயின் கோல்டு தரப்பே முன்னால் சிபாரிசு செய்திருந்தது. நம்பிப் போட்டவர்கள் இழந்தது 33 லட்சம் டாலர். அப்பாவின் காயினுக்கும் 2018-க்குப் பிறகு இலவசமாக ஏதோ சேர்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், இதை நினைத்துக்கொள்.

தபாலில் வருவதையும் நம்பாதே. லெட்ஜர் நிறுவனத்திலிருந்து 2020-இல் கசிந்த பட்டியலில் சுமார் 2,72,000 வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, போன் எண் இருந்தன. அடுத்த வருடமே சிலர் வீட்டுக்கு, நிறுவனத்தின் கடிதத் தலைப்போடு, பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது வாலட் கருவிகள் இலவசமாக வந்து இறங்கின. உள்ளே சர்க்யூட் போர்டில் வேண்டாத சில்லு ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். 2025-இல் இன்னொரு விதம்: பல வருடம் அசையாத பிட்காயின் முகவரிகளுக்குச் சில்லறைத் தொகையோடு, ‘இந்த வாலட் எங்கள் வசம் வந்துவிட்டது, உரிமையாளரானால் இந்தத் தேதிக்குள் நிரூபிக்கவும்’ என்ற பொருளில் பேரேட்டிலேயே அறிவிப்பு அனுப்பினார்கள். அப்பாவின் முகவரியிலும் அப்படி ஏதாவது தெரிந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டாம்.

இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அப்பாவின் மெயிலுக்குள் போக உனக்கு வழி இருக்கிறது அல்லவா? அதில் 2017, 2018 வருட எக்ஸ்சேஞ்ச் மெயில்களைத் தேடு. காயினை வெளியே எடுத்தபோது வந்த மெயிலில் 1 என்றோ 3 என்றோ ‘பிசி1’ என்றோ தொடங்கும் நீளமான முகவரி ஒன்று இருக்கும். அது ரகசியம் இல்லை, கதவிலக்கம் மாதிரி. ‘மெம்பூல் டாட் ஸ்பேஸ்’ போன்ற பொதுப் பேரேட்டுத் தளத்தில் அதைப் போட்டால், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மீதி எவ்வளவு என்று தெரிந்துவிடும். 12 சொற்களில் ஒன்றைக்கூட யாருக்கும் காட்டத் தேவையில்லை. பழைய லேப்டாப்பும் தேவையில்லை. அங்கே எல்லாம் ஏற்கெனவே வெளியே போயிருந்தால், அப்பாவே விற்றுச் செலவு செய்திருக்கலாம். உன் கல்லூரிச் சேர்க்கைச் செலவும் இருந்ததே.

மீதி இருந்தால், மேற்கொண்டு செய்வதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து செய்வோம். எலெக்ட்ரத்தை அதன் சொந்தத் தளமான எலெக்ட்ரம் டாட் ஆர்க்கிலிருந்து, முகவரியை நாமே எழுத்தெழுத்தாகத் தட்டி, இறக்க வேண்டும். கூடவே வரும் கையொப்பக் கோப்பை வைத்து, அது எலெக்ட்ரத்தை உருவாக்கிய தாமஸ் வோக்ட்லினின் கையொப்பத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. வாலட் திறந்ததும் முதலில் மிகச் சிறு தொகை, அது போய்ச் சேர்ந்த பின் மிச்சம் அத்தனையும், நாம் புதிதாக உண்டாக்கும் வாலட்டுக்கு. அந்த நோட்டை எத்தனை பேர் புரட்டினார்கள் என்று நமக்குத் தெரியாது, அதனால் பழைய சொற்களை அதோடு ஓய்வு பெறச் செய்துவிடலாம். விற்பதானால் வரி விஷயத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு விற்போம். 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி.

அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். ஏற்கெனவே எடுத்திருந்தால், போனிலிருந்தும் கூகுள் போட்டோஸிலிருந்தும், குப்பைத்தொட்டிப் பகுதியிலிருந்தும் அழித்துவிடு. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ‘ஸ்பார்க்கேட்’ என்ற வைரஸைக் கண்டுபிடித்தது. ஆப்பிள், கூகுள் ஸ்டோர்களில் இருந்த சில சாதாரண ஆப்களுக்குள் ஒளிந்துகொண்டு, போனில் உள்ள படங்களை ஒவ்வொன்றாகப் படித்து, வாலட் சொற்கள் தெரிகிற படத்தை மட்டும் பொறுக்கி அனுப்பிக்கொண்டிருந்தது.

‘மீட்டுத் தருகிறோம்’ என்று சொல்லும் கம்பெனிகள் பற்றியும் கேட்டாய். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு உண்மையாகவே உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜோ கிராண்ட் என்ற ஹார்டுவேர் நிபுணர், பின் எண் மறந்துபோன ட்ரெசர் கருவியைத் திறந்து ஏறக்குறைய 20 லட்சம் டாலர் மதிப்புள்ள காயினை உரியவரிடம் கொடுத்தார். ஆனால் அப்படிப்பட்டவர்கள் நம்மைத் தேடி வருவதில்லை. தேடி வந்து முன்பணம் கேட்பவர்களைப் பற்றி 2023 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ.யே எச்சரித்தது. பணம் வாங்கியதும் காணாமல் போவார்கள், அல்லது இன்னும் கொஞ்சம் கேட்பார்கள். உன்னிடம் சொற்களே இருக்கின்றன. உனக்கு அவர்களில் யாரும் தேவையில்லை. யாராவது ஏற்கெனவே பேசி எதையாவது வாங்கியிருந்தால், வெட்கப்படாமல் உடனே சொல், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அப்போதே பேசிவிடலாம்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஏழாவது சொல்லின் மேல் ஈரம் பட்டு, முதல் நாலு எழுத்து மட்டும்தான் தெரிகிறது என்று கவலைப்பட்டாய். அந்த 2,048 சொற்களில் எந்த இரண்டுக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாக இருக்காது. அதனால் மிச்சம் அழிந்தாலும் பரவாயில்லை. அது என்ன எழுத்து என்று மட்டும் போனில் சொல்லிவிடாதே. ‘ஆர்’ எழுத்தை உன் அப்பா ‘வி’ போலத்தான் போடுவான், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது நானும் உன் அம்மாவும்தான்.

அம்மாவிடம் நோட்டைக் கொடுத்து, லாக்கரில் வைக்கச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா